முகரும் போதை: உடலுக்கு நேர்வதும் சட்டம் சொல்வதும்

எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு தாய் தம் பதினாறு வயது மகனை அழைத்து வந்தார். இரண்டு மாதங்களாக அவன் கால்கள் தளர்ந்து வந்தன. நடக்கும்போது செருப்பு கழன்று விழுவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. படியேறுகையில் சுவரைப் பற்றிக்கொண்டான். சத்துக் குறைவாக இருக்கலாம் என்று டானிக் கொடுத்துப் பார்த்திருந்தனர். சர்க்கரை நோய் இல்லை. வைட்டமின் பி12 அளவும் இயல்பாகவே இருந்தது. நரம்புகளின் வழியே மின் துடிப்பு பாயும் வேகத்தை அளந்தபோது, இரு கால்களின் நரம்புகளும் கைகளின் நரம்புகளும் பழுதுற்றிருப்பது தெரிந்தது. காரணம் மட்டும் பிடிபடவில்லை.

தாயை வெளியே அமரச் செய்து, பையனிடம் தனியே பேசினோம். சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டப் பயன்படும் சொல்யூஷனை ஓராண்டுக்கும் மேலாக அவன் நாள்தோறும் முகர்ந்து வந்திருக்கிறான். பின்னர் அவன் இசைவுடன் தாயிடம் கேட்டோம். காலியான டியூப்களை நான்கு மாதங்களுக்கு முன்பே மெத்தைக்கு அடியில் அவர் கண்டிருக்கிறார். “சொன்னா போலீசுல புடிச்சுக் குடுத்துடுவாங்களோன்னு பயந்துட்டேன் டாக்டர்” என்றார்.

அந்த நான்கு மாதங்களில் மகனின் நரம்புகள் மேலும் பழுதுற்றன. தாயின் அச்சத்தை நாங்கள் குறை கூறவில்லை. அத்தகைய அச்சத்துடன் வரும் குடும்பங்கள் பல. ஆனால் அந்த அச்சத்துக்குச் சட்டத்தில் அடிப்படை இல்லை. முகரும் போதை உடலை எவ்வாறு கெடுக்கிறது, சட்டம் அதை எவ்வாறு பார்க்கிறது என்ற இரண்டையும் சேர்த்து அறிந்திருந்தால், பெற்றோர் காலத்தே உதவி நாட முடியும். அதற்காகவே இக்கட்டுரை.

எவை இந்தப் பொருள்கள்?

கஞ்சா, சாராயம் போன்றவை போதைக்கென்றே தேடி வாங்கப்படுபவை. முகரும் போதைப் பொருள்கள் அப்படியல்ல. அவை வேறு பயனுக்காகத் தயாரிக்கப்பட்டு, வெளிப்படையாக விற்கப்படுபவை. பஞ்சர் சொல்யூஷன், செருப்பும் தோல் பொருள்களும் ஒட்டும் பசை, பெயின்ட் தின்னர், ஒயிட்னர், நகப்பூச்சு நீக்கி, பெட்ரோல் ஆகியவை ஒரு வகை. இவற்றில் டொலுயீன், ஹெக்சேன், அசிட்டோன், பென்சீன் போன்ற கரைப்பான்கள் உள்ளன. சிகரெட் லைட்டரில் நிரப்பும் பியூட்டேன் வாயுவும், வாசனைத் தெளிப்பான்களை வெளித்தள்ளும் வாயுக்களும் மற்றொரு வகை. மருத்துவத்தில் மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு மூன்றாம் வகை.

மலிவு, எளிதில் கிடைத்தல், கையில் வைத்திருந்தால் யாரும் ஐயுறாமை ஆகிய மூன்றும் சிறுவர்களை இவற்றின்பால் ஈர்க்கின்றன. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நாடு தழுவிய ஆய்வொன்றை நடத்தியது. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டது. முகரும் போதையைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 1.17 சதவீதம். அந்த ஆய்வில் இடம்பெற்ற போதைப் பொருள்களுள், பெரியவர்களைவிடச் சிறார்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது இது ஒன்றே. சிகிச்சை உதவி தேவைப்படும் சிறார்கள் நாட்டில் ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது.

மூளையை எட்டும் வழி

வாய்வழி உட்கொள்ளும் பொருள் குடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அதில் ஒரு பகுதியைச் சிதைத்த பின்னரே எஞ்சியது மூளையை அடைகிறது. முகரும் பொருளுக்கு அந்தக் காவல் இல்லை. நுரையீரலின் மெல்லிய சுவர் வழியே இரத்தத்தில் கலந்து, சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. போதை விரைவில் ஏறி, சில நிமிடங்களில் தணிகிறது. ஆகையால் மீண்டும் மீண்டும் முகர வேண்டியதாகிறது. ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை முகரும் சிறுவன், தான் உள்ளிழுத்த அளவை அறியவே மாட்டான்.

இப்பொருள்கள் கொழுப்பில் எளிதில் கரைபவை. மூளையின் வெண்பகுதியும் நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் உறையும் கொழுப்பு மிகுந்தவை. மின்கம்பிக்கு ரப்பர் உறை எப்படியோ, அப்படி நரம்புக்கு மயலின். எனவே இந்தக் கரைப்பான்கள் நரம்பு மண்டலத்தில் தங்குவதும், அங்கே கேடு விளைவிப்பதும் வியப்பன்று. நச்சு தாக்கும்போது அந்த மூளையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதே சிறார்களைப் பொறுத்தவரை கூடுதல் கவலை.

நரம்பும் தசையும் கெடும் விதம்

நாங்கள் மிகுதியாகக் காணும் பாதிப்புகள் மூன்று.

முதலாவது, மூளையின் பாதிப்பு. டொலுயீனை நீண்ட காலம் முகர்பவர்களின் எம்ஆர்ஐ படத்தில் மூளையின் வெண்பகுதி பழுதுற்றிருப்பது தெரியும். மறதி, கவனமின்மை, சிந்தனைத் தளர்ச்சி ஆகியவை படிப்படியாகத் தோன்றும். சிறுமூளை கெடும்போது நடை தள்ளாடும், கை நடுங்கும், பேச்சு குழறும். பார்வையும் செவித்திறனும் குறையக்கூடும். பள்ளியில் நன்கு படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது, கை கால் நரம்புகளின் பாதிப்பு. மேலே குறிப்பிட்ட பையனுக்கு நேர்ந்தது இதுவே. சில பசைகளில் உள்ள ஹெக்சேன், உடலுக்குள் வேறொரு நச்சாக மாறி, நீண்ட நரம்புகளின் நுனியை முதலில் தாக்குகிறது. ஆகவே பாதங்களில் மரமரப்பு தொடங்கி, பின் மேல்நோக்கிப் பரவுகிறது. இதில் குடும்பத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முகர்வதை முற்றிலும் நிறுத்திய பின்னரும், சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை தளர்ச்சி கூடிக்கொண்டே போகலாம். “விட்ட பிறகுதான் மோசமானது” என்று எண்ணி மனம் தளரக் கூடாது; பிள்ளை திருட்டுத்தனமாகத் தொடர்கிறான் என்று உடனே பழிக்கவும் கூடாது. முன்பே ஏறிய நச்சின் விளைவு அது. அதன்பின் நரம்பு மெல்ல மெல்ல மீளத் தொடங்கும்.

இதே நோய் போதைக்காக முகராதவர்களுக்கும் வரும். 1960களில் ஜப்பானில் செருப்புத் தயாரித்த தொழிலாளர்கள் பலருக்குக் கால்கள் தளர்ந்தன. காற்றோட்டமற்ற அறையில் அவர்கள் பயன்படுத்திய பசையில் ஹெக்சேன் இருந்ததே காரணம். செருப்பு, தோல் பை, மரச்சாமான் ஆகியவற்றை ஒட்டும் வேலையில் இருப்பவர்கள், குறிப்பாக மூடிய அறையில் வீட்டுத் தொழிலாகச் செய்பவர்கள், சன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பாதம் மரத்துப்போனால் மருத்துவரிடம் உங்கள் தொழிலையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, பொட்டாசியம் குறைவால் வரும் திடீர் வாதம். டொலுயீன் சிறுநீரகத்தின் அமில காரச் சமநிலையைக் குலைக்கிறது. உடலிலிருந்து பொட்டாசியம் மிகுதியாக வெளியேறுகிறது. காலையில் கண்விழிக்கும் இளைஞன் கை கால்களை அசைக்க முடியாமல் கிடப்பான். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பும் தடுமாறும். உரிய நேரத்தில் சிகிச்சை அளித்தால் பெரும்பாலும் சில நாள்களில் வலிமை திரும்புகிறது. ஆனால் காரணம் மறைக்கப்பட்டு, பழக்கம் தொடர்ந்தால் அந்த வாதம் மீண்டும் வரும்.

இவற்றோடு கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் ஆகியனவும் பாதிக்கப்படுகின்றன. பென்சீன் எலும்பு மச்சையைக் கெடுத்து இரத்தப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கக்கூடும். கருவுற்ற பெண் முகர்ந்தால் சிசுவின் வளர்ச்சி பாதிக்கப்படும்.

முதல் முறையே உயிரைப் பறிக்கலாம்

“எப்போதாவது ஒருமுறைதானே” என்று பிள்ளைகளும், சில வேளை பெற்றோரும் சொல்வதுண்டு. இந்த நம்பிக்கை ஆபத்தானது. 1970ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மில்லார்டு பாஸ், முகர்ந்தவுடன் திடீரென இறந்த 110 இளையோரைப் பற்றி எழுதினார். நீண்ட நாள் பழக்கத்தால் உறுப்புகள் கெட்டு நேர்ந்த மரணங்கள் அல்ல அவை. முகர்ந்த சிறிது நேரத்திலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோன மரணங்கள்.

இதன் காரணம் இப்போது நன்கு விளங்கியுள்ளது. பியூட்டேன், குளோரின் கலந்த கரைப்பான்கள் போன்றவை இதயத் தசையை அட்ரினலினுக்கு மிகையாகத் துடிக்கும்படி செய்துவிடுகின்றன. அச்சம், ஓட்டம், அதிர்ச்சி ஆகிய ஒவ்வொன்றும் உடலில் அட்ரினலினைப் பெருக்கும். முகர்ந்துகொண்டிருக்கும் சிறுவனை ஒருவர் திடீரெனப் பிடித்து அதட்டுகிறார்; அவன் பயந்து ஓடுகிறான்; சில அடிகளில் சுருண்டு விழுகிறான். நாங்கள் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் முதலில் வலியுறுத்துவது இதுவே: முகர்ந்த நிலையில் உள்ள பிள்ளையை அடிக்கவும் அதட்டவும் துரத்தவும் வேண்டாம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை:

1. குரலை உயர்த்தாமல் பேசி, காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துச் சென்று அமர வையுங்கள். பையையோ துணியையோ மெதுவாக அகற்றுங்கள்.

2. அருகில் தீக்குச்சி, விளக்கு, அடுப்பு எதையும் பற்றவைக்காதீர்கள். ஆவி தீப்பற்றக்கூடியது.

3. நினைவு மங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழலை அடைக்காமல் இருக்க இது உதவும்.

4. மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதையும் புகட்ட வேண்டாம். வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம்.

5. மூச்சு இல்லையெனில், பயிற்சி பெற்றவர் உடனே மார்பை அழுத்தி இதய இயக்க மீட்பு முதலுதவி செய்ய வேண்டும். 108 எண்ணை அழைத்து, எதை முகர்ந்தான் என்பதையும் சொல்லுங்கள். கிடைத்த டியூபையோ குப்பியையோ உடன் எடுத்து வாருங்கள்.

சிரிப்பூட்டும் வாயு: ஒரு தனிக் குறிப்பு

நைட்ரஸ் ஆக்சைடு 200 ஆண்டுகளுக்கும் மேலாக அறியப்பட்ட வாயு. அறுவைச் சிகிச்சையிலும் பல் மருத்துவத்திலும் அது ஆக்சிஜனுடன் கலந்து, மயக்கவியல் மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுகிறது. அதனால் நோயாளிகள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கேக் கடைகளில் கிரீம் நுரைக்கப் பயன்படும் சிறு உலோகக் குப்பிகளிலிருந்து அதே வாயுவைப் பலூனில் நிரப்பி முகரும் பழக்கம் மேலைநாடுகளில் இளைஞரிடையே பரவியது.

இந்த வாயு உடலில் உள்ள வைட்டமின் பி12ஐச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தத்தில் அளவு இயல்பாகத் தெரிந்தாலும், அது வேலை செய்யாது. தண்டுவடம் பழுதுற்று, பாதங்கள் மரத்து, நடை தள்ளாடுகிறது. இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றைப் போதிய அளவு உண்ணாதவர்களிடம் பி12 இருப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பது நம் நாட்டில் பொதுவானது. அவர்களுக்குக் கேடு விரைவில் வரும். வாயுவை அறவே நிறுத்தி, பி12 ஊசியை உடனே தொடங்கினால் பலர் நன்கு தேறுகின்றனர். தாமதித்தால் குறை எஞ்சுகிறது. பி12 குறைபாடு உள்ளவர்கள் அறுவைச் சிகிச்சைக்கு முன் அதை மயக்கவியல் மருத்துவரிடம் தெரிவிப்பதும் நல்லது.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

1985ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட என்.டி.பி.எஸ். சட்டமே இந்தியாவின் முதன்மையான போதைப்பொருள் சட்டம். கஞ்சா, அபின், ஹெராயின் போன்றவற்றை வைத்திருப்பதையும் விற்பதையும் பயன்படுத்துவதையும் அது குற்றமாக்குகிறது. பஞ்சர் சொல்யூஷனையோ தின்னரையோ முகர்வது அந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாகாது. சைக்கிள் கடைக்காரரும் தச்சரும் செருப்புத் தைப்பவரும் நாள்தோறும் பயன்படுத்தும் பொருளை ஹெராயினைப் போலத் தடை செய்ய இயலாது என்பது வெளிப்படை.

ஆகவே சட்டம் வேறு வழியில் முயன்றிருக்கிறது. புட்டியில் அடைத்த ஒயிட்னரையும் அதற்கான தின்னரையும் சில்லறையில் விற்பதற்கு 2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு தடை விதித்தது. சிறிதளவே கசியும் பேனா போன்ற வடிவில் மட்டும், உடல்நலக் கேட்டைப் பற்றிய எச்சரிக்கையுடன் விற்கலாம் என்றது. இன்று பள்ளிப் பைகளில் ஒயிட்னர் பேனா வடிவில் இருப்பதற்கு இதுவே பின்னணி. புட்டியில் அடைத்த ஒயிட்னர் உங்கள் பகுதிக் கடையில் இன்னும் விற்கப்படுவதைக் கண்டால், கடைக்காரரிடம் இந்தத் தடையை எடுத்துச் சொல்லலாம்.

இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015 இன்னொரு பாதுகாப்பு. மதுவையோ போதை மருந்தையோ புகையிலையையோ சிறாருக்குக் கொடுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று அதன் 77ஆம் பிரிவு கூறுகிறது. பசையும் தின்னரும் அப்பிரிவில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. இது சட்டத்தின் ஓர் இடைவெளி. ஆனால் பெற்றோர் கவனிக்க வேண்டியது இச்சட்டத்தின் நோக்கை. போதைப் பழக்கத்துக்குள் இழுக்கப்படும் நிலையில் உள்ள சிறாரை அது குற்றவாளியாகக் கருதவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே வகைப்படுத்துகிறது. அத்தகைய குழந்தையின் நலனைக் கவனிக்க மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைக் கோளாறுகளையும் நோயாகவே ஏற்கிறது. அதன் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்ற உரிமையைத் தருகிறது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நினைவிழந்தோ, விபத்தில் காயமுற்றோ, நச்சுப் பாதிப்பு என்ற ஐயத்துடனோ ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்தால், மருத்துவ சட்டப் பதிவேட்டில் குறிப்பதும் காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதும் மருத்துவமனைகளின் வழக்கம். அது ஒரு பதிவு. பிள்ளை மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு அன்று. “என் மகன் சொல்யூஷன் முகர்கிறான், அவனுக்கு உதவுங்கள்” என்று புறநோயாளர் பிரிவில் நீங்கள் சொல்வது உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையிலான பேச்சு.

பிற நாடுகள் முயன்ற வழிகள்

இங்கிலாந்து 1985ஆம் ஆண்டிலேயே, முகர்வதற்கென்று தெரிந்தும் 18 வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய பொருள்களை விற்பதைக் குற்றமாக்கியது. 1999இல் லைட்டருக்கு நிரப்பும் பியூட்டேன் குப்பிகளை அந்த வயதினருக்கு விற்பதையும் தடை செய்தது. 2023 நவம்பர் 8 முதல் நைட்ரஸ் ஆக்சைடு அங்கே ‘சி’ வகைப் போதைப்பொருள். போதைக்காக அதை வைத்திருப்பவருக்கு 2 ஆண்டுகள் வரையும், அதற்கென விற்பவருக்கு 14 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை கிடைக்கலாம். பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது. நண்பர்களின் விருந்தில் ஒரு விளையாட்டாகத் தொடங்குவது வழக்காக முடியலாம்.

ஆஸ்திரேலியா பொருளையே மாற்றியது. நாட்டின் நடுப்பகுதியில் தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளில் பெட்ரோல் முகரும் பழக்கம் பல இளைஞர்களின் மூளையைச் சிதைத்து வந்தது. முகர்ந்தால் போதை தரும் கூறுகளை மிகவும் குறைத்த ‘ஓப்பல்’ என்ற பெட்ரோல் 2005இல் அறிமுகமானது; அரசு மானியத்துடன் அப்பகுதிகளில் விற்கப்பட்டது. வண்டி ஓடும், போதை ஏறாது. 2013இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. அப்பகுதிகளில் பெட்ரோல் முகர்வோர் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது.

இவற்றிலிருந்து நாங்கள் புரிந்துகொள்வது இதுதான். விற்பனைக்குக் கட்டுப்பாடு, பொருளில் மாற்றம் ஆகிய இரண்டும் பயன் தருகின்றன. எனினும் ஒரு பொருளைக் கட்டுப்படுத்தினால் சிறுவன் அடுத்த பொருளுக்கு மாறுவதும் உண்டு. அவன் ஏன் முகர்கிறான் என்ற கேள்விக்குச் சட்டத்தால் விடை தர முடியாது. பள்ளியை விட்டு நின்றது, வீட்டில் ஓயாத சண்டை, இளவயதில் வேலைக்குச் சென்று பெரியவர்களோடு பழகியது, பசி, தனிமை ஆகியவற்றில் ஒன்றேனும் பெரும்பாலும் பின்னால் இருக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மூச்சிலோ உடையிலோ பெட்ரோல், பெயின்ட் நெடி. கைக்குட்டையிலும் சட்டைக் கையிலும் பசைக் கறை. மூக்கையும் வாயையும் சுற்றிப் புண் அல்லது தோல் சிவப்பு. சிவந்து நீர் வழியும் கண்கள். காலியான டியூப்கள், சுருட்டி ஒளித்த பாலிதீன் பைகள். பசியின்மை, ஓயாத தலைவலி, குழறிய பேச்சு. காரணமற்ற எரிச்சல், படிப்பில் திடீர் வீழ்ச்சி. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் முடிவுக்கு வர வேண்டாம். சில சேர்ந்து காணப்பட்டால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பாதம் மரத்தல், செருப்பு கழல்தல், அடிக்கடி தடுக்கி விழுதல், திடீரெனக் கை கால் தளர்தல் ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பேசுவதும் சிகிச்சையும்

போதை முற்றிலும் தெளிந்த பின், மறுநாள், தனியிடத்தில் பேசுங்கள். “நீ இப்படிச் செய்கிறாயா?” என்று விசாரிப்பதைவிட, “இதைப் பார்த்தேன், பயமாக இருக்கிறது, டாக்டரிடம் போகலாம் வா” என்று சொல்வது பயன் தரும். உறவினர் முன்னிலையில் அவமானப்படுத்தினால், பிள்ளை பழக்கத்தை விடமாட்டான். மறைக்க மட்டுமே கற்றுக்கொள்வான்.

மருத்துவமனையில் இதயத் துடிப்பு, பொட்டாசியம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதிக்கிறோம். தேவைப்பட்டால் நரம்புப் பரிசோதனையும் எம்ஆர்ஐ படமும் எடுக்கிறோம். முகரும் போதைக்கு மாற்று மருந்தென்று ஒன்று இல்லை. நச்சு மேலும் ஏறாமல் தடுப்பதே முதல் சிகிச்சை. மனநல மருத்துவரின் ஆலோசனை, குடும்பத்தாருடன் கலந்துரையாடல், தளர்ந்த கால்களுக்கு இயன்முறைச் சிகிச்சை, பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ மீளும் வழி ஆகிய நான்கும் சேர்ந்தே பயன் தருகின்றன. இடையில் ஒருமுறை மீண்டும் முகர்ந்துவிட்டால், எல்லாம் வீணானது என்று எண்ண வேண்டாம். அதையும் எங்களிடம் சொல்லுங்கள்.

கட்டணமின்றி அழைக்கக்கூடிய எண்கள்: போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, சிறார் உதவிக்கு 1098, அவசர ஊர்திக்கு 108.

தொடக்கத்தில் குறிப்பிட்ட பையன் முகர்வதை நிறுத்திய பின்னும் ஆறு வாரங்கள் மோசமாகிக்கொண்டே இருந்தான். ஊன்றுகோலுடன் நடந்தான். ஓராண்டுக்குப் பின் இப்போது துணையின்றி நடக்கிறான், ஓட இயலவில்லை, கால்விரல்களில் இன்னும் முழு வலிமை இல்லை. ஒரு மின்சாதனப் பழுதுபார்ப்புப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அவன் தாயும் உடன் வருகிறார். சென்ற முறை காத்திருப்பு அறையில் மற்றொரு தாயிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டோம். “டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க, ஒண்ணும் ஆகாது” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இக்கட்டுரையில் சொல்ல விரும்பியதும் அதுவே.